வியர்வை காயாத உடுப்பு

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் உப்பு வாரிய உடம்பு எந்த வெக்கையையும் தாங்கும் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். பாதி உண்மை. ரசாயனத் தடுப்பு உடுப்பு மாட்டும் வேலைக்குப் போகிறவர்கள் மறுபாதியையும் தெரிந்துகொண்டு போங்கள்.

வெயிலுக்குப் பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே சுரக்கும், நிறையவும் சுரக்கும். அளத்தில் கடற்காற்று அதைக் காயவைக்கும், உடம்பு குளிரும். காற்றுப் புகாத உடுப்புக்குள் அது காயாது, பூட்ஸுக்குள் வடிந்து தேங்கும். உடம்பின் தண்ணீர் போனதுதான் மிச்சம். முழு உடுப்பில் கடுமையாக உழைக்கும் வீரருக்கு, அன்றைய வெப்பக் குறியீட்டோடு 20 பாரன்ஹீட் டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க ராணுவம். அனுபவசாலிக்கும் அதே கணக்குதான்.

அப்படியானால் அனுபவம் எதற்கு உதவும்? கைக்கும் மனசுக்கும். முதல்முறை முகமூடி மாட்டியவருக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். பதற்றத்தில் அதைப் பிடுங்கி எறியத் தோன்றும். தடித்த கையுறையில் சின்ன வால்வு பிடிபடாது, பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. பழகியவர் மூச்சை நிதானமாக விடுவார், கைச்சாடையில் பேசுவார், வீண் நடை நடக்கமாட்டார். இதை உடுப்புக்குள் இருந்துதான் கற்க முடியும். அளத்தில் பத்து வருஷம் நின்றாலும் வராது.

2023 டிசம்பரில் எண்ணூரில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இத்தகைய விபத்துக்கும் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்துதான் அதற்கு ஆள் வருகிறார்கள். எனவே முதல் படி அந்தப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு. பத்தாம் வகுப்பு போதும். 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளிலும் இந்த உடுப்பு அணியும் வேலைகள் உண்டு.

எங்கே சேர்ந்தாலும் வெக்கையில் முதல் நாளே முழு ஷிப்டுக்குத் தலையாட்டாதீர்கள். புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு அதே அளவு கூடுதல் என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரை. நீண்ட விடுப்பு முடிந்து வந்தாலும் மறுபடி படிப்படியாகத்தான். முகமூடி மாட்டும் முன்பே தண்ணீர் குடியுங்கள். கழற்றும் முறையை இன்னொருவர் வரிசையாகச் சொல்லச் சொல்லப் பழகுங்கள். கையுறையில் ஒட்டிய விஷம் தோலில் படுவது பெரும்பாலும் அப்போதுதான்.

எனக்குப் பெரிய கவலை, தாங்கிப் பழகிய பிள்ளைகளைப் பற்றித்தான். தலை கிறுகிறுத்தால் கூட்டாளிக்குச் சாடை காட்டி உடனே வெளியே வந்துவிடுங்கள்.