சாமான் இறக்கத் தொடங்கும் தம்பிமாருக்கு

நிந்தவூரிலிருந்தும் கல்முனையிலிருந்தும் சொந்தமாக வெளிநாட்டுச் சாமான் இறக்கக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோசம். முதல் கொண்டெய்னருக்குக் காசு கட்டும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒலுவில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மர்ஹூம் அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்தபோது நம் பகுதிக்காகக் கண்ட கனவு அது. டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். அலைதடுப்புக் கல்லணை நிற்கிறது. சரக்குக் கப்பல்தான் வந்து சேரவில்லை. துறைமுக வாயில் மண் மூடியது. கரையோர மணலின் ஓட்டம் மறிபட, வடக்கே ஒலுவில் கரையும் நிந்தவூர்க் கரையும் தென்னைகளோடு கடலுக்குள் போயின. அந்த நட்டம் நம் மீனவர்களுடையது, அதை யாரும் சிறிதாகப் பேசக் கூடாது. ஆனால் வியாபாரம் பழகுகிறவர்கள், கப்பல் வராததற்கு மண்ணை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரு கப்பலை இங்கே திருப்ப, இறக்கவும் ஏற்றவும் இரண்டு பக்கமும் சரக்கு வேண்டும். அம்பாறை நெல் உள்நாட்டிலேயே செலவாகிறது. கொழும்பில் கையாளும் கொண்டெய்னர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு வேறு நாடுகளின் சரக்கு, அங்கே கப்பல் மாறிப் போவது. அந்தச் சரக்கு இருக்கும் இடத்துக்குத்தான் கப்பல் லைன்கள் போகும்.

2. ஃப்ரைட், அதாவது கப்பல் கூலி, ஏறுவதையும் இறங்குவதையும் வருசக் கணக்கில் பாருங்கள். ட்ரூரி நிறுவனத்தின் ஃப்ரைட் சுட்டெண்படி 40 அடிக் கொண்டெய்னர் ஒன்றுக்கு 2019இல் சராசரி 1,420 டொலர். 2021 செப்டெம்பரில் 10,300ஐத் தாண்டியது. 2023 ஒக்டோபரில் 1,400க்கும் கீழே விழுந்தது. நெல் விலை ஏறினால் எல்லாரும் விதைத்து, அறுவடையில் விலை விழுவதைப் போலத்தான். ஆனால் நெல்லுக்கு நாலு மாதம், கப்பலுக்கு ஓடர் கொடுத்தால் கைக்கு வர இரண்டு மூன்று வருசம். 2021இல் ஓடர் போட்ட கப்பல்கள் சரக்குக் குறைந்த நேரத்தில் வந்து இறங்கின. அந்த நேரம் பார்த்து 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐரோப்பாவுக்குப் பத்துப் பதினாலு நாள் கூடியது. அதே சரக்கைச் சுமக்கக் கூடுதல் கப்பல் தேவைப்பட்டது, 2024 ஜூலையில் ஃப்ரைட் 5,900ஐத் தொட்டது. கப்பல் எத்தனை இருக்கிறது என்பதோடு, அவை எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

3. கனமில்லாமல் இடம் அடைக்கும் சாமானில் தொடங்காதீர்கள். ஒரு கொண்டெய்னரில் 2,000 பிளாஸ்டிக் கதிரை கொள்ளும் என்று வையுங்கள். ஃப்ரைட் 1,400 என்றால் கதிரைக்கு 70 சதம். 10,000 என்றால் ஐந்து டொலர். கல்முனை பஸாரில் அதையும் சேர்த்த விலைக்கு யார் வாங்குவார்?

4. ஏஜென்ட் அனுப்பும் கொட்டேஷனில் மேலே பெரிதாகப் போட்ட தொகையோடு நிறுத்தாமல், அடியில் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். எந்தத் தேதிவரை செல்லும், சரக்குக் கப்பலில் ஏறும் நாளின் விலைதான் எடுப்பார்களா, சர்சார்ஜ் உள்ளடக்கமா, கட்டணமில்லாமல் கொண்டெய்னரை வைத்திருக்கும் ஃப்ரீ டேஸ் எத்தனை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இடம் தட்டுப்பாடாக இருக்கும் மாதங்களில் அந்தச் சின்ன எழுத்தின் ஒரு வரியே உங்கள் இலாபம் முழுவதையும் தின்றுவிடும்.

5. மிக மலிவான ஃப்ரைட்டையும் விசாரியுங்கள். கப்பல் மிதமிஞ்சிப் பெருகி, ஃப்ரைட் அடிமட்டத்தில் கிடந்த 2016இல், கொரியாவின் ஹன்ஜின் கப்பல் கம்பனி நொடிந்து விழுந்தது. அதன் கப்பல்களை ஏற்கத் துறைமுகங்கள் தயங்கின. பிறருடைய சரக்கு நடுக்கடலில் காத்துக் கிடந்தது.

6. ஃப்ரீ டேஸ் முடிந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். 2021 கடைசியில் வங்கிகளில் டொலர் இல்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவுக் கொண்டெய்னர்கள் கொழும்பில் முடங்கின. ஆகவே ஓடர் போடும் முன் வங்கியில் எல்சிக்கு டொலர் உறுதியா என்று கேளுங்கள். கொழும்பில் நம்பிக்கையான வாஃப் கிளார்க் ஒருவரிடம் அந்த வாரம் துறைமுகத்தில் நெரிசல் எப்படி என்றும் விசாரித்துவிட்டு, பிறகு காசை அனுப்புங்கள்.