பழுது எங்கே என்பதும் ஏன் என்பதும்

செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்கள் தொழிற்கல்விப் பணிமனையின் துளையிடும் இயந்திரம் நின்றுபோனது. அதில் இருப்பது அரைக் குதிரைத்திறன் ஒருமுனை மோட்டார். சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமும், சுழலாது. நான் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா யாருப்பா போட்டது?”

கை தூக்கிய மாணவனை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். பிறகுதான் மோட்டாரைப் பார்த்தேன். இந்த வரிசை தவறு என்பது எனக்குப் புரிய ஐந்து நாள் ஆயிற்று.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றினோம். துளையிடும் தண்டு கையால் எளிதாகச் சுற்றியது. மோட்டார் தண்டும் தடையின்றிச் சுற்றியது. ஆகவே இறுக்கமோ பேரிங் பழுதோ இல்லை. சாக்கெட்டில் 230 வோல்ட் வந்தது. மின்சாரம் வருகிறது, தண்டு சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் கிளம்பவில்லை. இங்கே நிறுத்தி மாணவர்களிடம் காரணம் கேட்டேன். “காயில் போச்சு சார்” என்றார்கள் பலர். காயில் முழுதும் போயிருந்தால் உறுமல் ஏது?

ஒருமுனை மின்சாரம் ஒரே சுருளில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் ஏறி இறங்கித் துடிக்கும், சுழலாது. அதனால் நிற்கும் சுழலியைக் கிளப்ப அதனால் முடியாது. இரண்டாவதாக ஒரு தொடக்கச் சுருளை வைத்து, அதில் பாயும் மின்னோட்டத்தை மின்தேக்கியின் உதவியால் முன்தள்ளினால்தான் புலம் சுழலத் தொடங்கும். வீட்டு மின்விசிறியில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போய்விட்டால் குச்சியால் தள்ளிவிட வேண்டியிருக்கிறதே, அதே கதை. இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்தது. ஆளுக்கொரு விசிறிக் கதை வைத்திருந்தார்கள்.

மின்தேக்கியின் மூடியைத் திறந்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் என்பது பயனுறு (RMS) மதிப்பு. உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் அந்த அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். திருப்புளியால் இரு முனைகளையும் தொட்டுப் பொறி பறக்கவிடும் வழக்கம் கடைகளில் உண்டு, பள்ளியில் வேண்டாம். 40 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் போட்டு அதன் இரு வயர்களையும் முனைகளில் தொடுங்கள். இதை ஆசிரியரே செய்ய வேண்டும்.

மேலே 80–100 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 10கூடக் காட்டவில்லை. அடிப்பாகம் உப்பியிருந்தது. புதியது வாங்கிப் போட்டோம், மோட்டார் ஓடியது, மாணவர்கள் கை தட்டினார்கள். நானும் பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் புதிய மின்தேக்கியும் நாற்றத்தோடு வெடித்தது.

அன்று மாலை பணிமனையைப் பூட்டும்போது நான் கடிந்துகொண்ட அதே மாணவன் வந்து நின்றான். “சார், முன்னெல்லாம் ஆஃப் பண்ணினா நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ‘டிக்’குனு ஒரு சத்தம் வரும். ரெண்டு வாரமா வரல.” ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “அன்னைக்கே சொல்ல வந்தேன் சார். நீங்க திட்டினீங்க.”

அந்த ‘டிக்’ மையவிலக்குச் சுவிட்சின் சத்தம். மோட்டார் தன் வேகத்தில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டியதும் தண்டிலுள்ள சிறு எடைகள் வெளிப்புறம் விலகி, தொடக்கச் சுருளையும் மின்தேக்கியையும் மின்சுற்றிலிருந்து விடுவிக்கும். வேகம் குறையும்போது மீண்டும் மூடிக்கொள்ளும். சில நொடி வேலைக்கென்றே செய்யப்பட்ட மின்தேக்கி அது. சுவிட்ச் திறக்காவிட்டால் ஓடும் நேரம் முழுவதும் மின்சுற்றிலேயே இருந்து சூடேறிச் சாகும்.

முதல் முறையே அந்தச் சுவிட்சை மல்டிமீட்டரால் சோதித்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. தொடர்பு இருக்கிறது, சரி என்று குறித்துக்கொண்டேன். நிற்கும் மோட்டாரில் அது மூடியிருப்பதுதானே முறை! பழுது ஓடும்போது மட்டும் இருந்தது. நானோ நிற்கும்போது தேடினேன்.

மறுநாள் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினோம். எடைகள் நகரும் இடத்தில் இரும்புத்தூளும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து கட்டியாகியிருந்தன. தூரிகையால் துடைத்து, தொடுமுனைகளை மெல்லிய எமரித் தாளால் தேய்த்தோம். அங்கே எண்ணெய் விடக் கூடாது. தூளை மறுபடி இழுத்துவரும். இரு சுருள்களின் மின்தடையையும் அளந்தோம். இயக்கச் சுருளைவிடத் தொடக்கச் சுருளில் கூடுதலாக இருந்தது, இருக்க வேண்டியதும் அப்படித்தான். மெக்கர் வைத்துச் சட்டகத்துக்குக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூன்றாவது மின்தேக்கியைப் போட்டோம். கிளாம்ப் மீட்டரை மின்தேக்கி வயரில் மாட்டி ஓட்டியபோது, கிளம்பும் நொடியில் ஏறிய அளவு உடனே சுழிக்கு இறங்கியது. நிறுத்தினோம். ‘டிக்’.

அந்த மாணவனிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். கடிந்தது வகுப்பில்தானே.

இப்போது பழுது பார்க்கும் பாடவேளைகளில் மாணவர்கள் மூன்று பத்தி போட்டு எழுதுகிறார்கள்: கண்டது அல்லது கேட்டது, அதனால் நினைப்பது, அதைச் சோதித்த விதம். முதல் பத்திக்குத்தான் நேரம் கூடுதலாகக் கொடுக்கிறேன். அது நிரம்பும்வரை ஸ்பேனரை யாரும் தொடுவதில்லை. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு மோட்டார் தேவையில்லை. ஒரு டார்ச் போதும். மின்கலத்துக்கும் தொடுமுனைக்கும் இடையே ஒரு காகிதத்துண்டைச் செருகிக் கொடுங்கள். பல்பைக் குறை சொல்லும் குழந்தையிடம், அந்தப் பல்பை வேறொரு டார்ச்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் எங்கள் பழக்கத்தில் மாறியிருக்கிறது. முப்பது பேரும் ஆளுக்கொரு முறை சுவிட்சைப் போட்டு அணைப்பதாகத்தான் முன்பு செய்முறையை அமைத்திருந்தேன். ஒவ்வொரு தொடக்கமும் மின்தேக்கியைச் சூடேற்றும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நினைக்கவில்லை. இப்போது ஒருமுறை ஓட விட்டால் ஐந்து பேர் வரிசையாகத் துளையிடுகிறார்கள். மாற்றவேண்டிய பொருள்களை அதற்கு முன்பே கவ்விகளில் பொருத்தித் தயாராக வைத்துக்கொள்கிறார்கள்.