காலியாக இருக்கும் ஐந்து அணிகள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு அணிகளில் ஐந்துக்கு ஓனர் இல்லை, அடுத்த சீசன் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை, வடகவுஞ்சி மலையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறாய். நீ எழுதி வைத்திருக்கும் விளம்பரத்தையும் படித்தேன். “பழைய கிரிக்கெட் அணிகளைக் கொண்டு கணினியில் நடத்தும் லீக். ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்.” இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வரமாட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் தீபாவளி தாண்டி இருக்கமாட்டார்கள்.

பொதுவாக ‘லீக்கில் சேருங்கள்’ என்றால் படிப்பவர் மனதில் எதுவும் எழாது. ஓர் அணியைப் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி நீட்டினால் எழும். அதனால் விளம்பரத்தை விட்டுவிடு. காலியாக இருக்கும் ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் எழுது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“1972–73 தமிழ்நாடு அணி காலியாக இருக்கிறது. வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் உங்கள் கையில். அந்த ஆண்டு ரஞ்சி இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில் நடந்தது. பம்பாயை 151, 113 என்று இரண்டு முறை சுருட்டினோம். ஆனால் நாம் எடுத்தது 80, 61. பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், அடுத்ததில் 18 ரன் கொடுத்து 5. மூன்றாம் நாள் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. பந்துவீச்சுக்குக் கவலை இல்லை, பேட்டிங்தான் பலவீனம். பம்பாயோடு முதல் வாரமே ஆட்டம் இருக்கிறது. ஷிவால்கரை எதிர்கொள்ள உங்கள் பேட்டிங் ஆர்டர் என்ன? ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் அனுப்புங்கள்.”

இந்தக் கடிதம் அணியின் குறையை மறைக்கவில்லை என்பதைப் பார். கேள்வியோடும் கெடுவோடும் முடிகிறது. படித்தவர் அடுத்த நிமிடம் மனதுக்குள் பேட்டிங் ஆர்டர் போடத் தொடங்கிவிட்டால், அவர்தான் உனக்கு வேண்டிய ஓனர். அப்படி எதுவும் ஓடாதவரை எவ்வளவு வற்புறுத்தியும் பயனில்லை.

பழைய அணிகளை மறுபடி ஆடவைக்கும் இந்த விளையாட்டு அமெரிக்காவில் பேஸ்பாலைச் சுற்றி வளர்ந்தது என்பது உனக்குத் தெரியும். புதிதாக வருபவருக்கு அதை எப்படி விளக்குவது என்றுதான் திணறுகிறாய். புக் கிரிக்கெட்டில் தொடங்கு. வகுப்பில் புத்தகத்தைப் பிரித்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எண்ணி, பூஜ்யம் வந்தால் அவுட் என்று ஆடாத ஆள் நம் ஊரில் குறைவு. அந்த ஆட்டத்தில் கவாஸ்கருக்கும் கடைசி ஆட்டக்காரருக்கும் வித்தியாசம் கிடையாது; புத்தகத்துக்கு எல்லோரும் ஒன்றுதான். 1951இல் வந்த ஏபிபிஏ, 1961இல் ஹால் ரிச்மன் விற்கத் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆகிய ஆட்டங்கள் அந்த இடத்தைத்தான் மாற்றின. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அவர் அந்த ஆண்டு உண்மையில் ஆடிய கணக்கிலிருந்து தயாரித்தது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் மூன்று பகடைகளை உருட்டுவார்கள். ஒரு பகடையில் ஒன்று முதல் மூன்று வந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும், நான்கு முதல் ஆறு வந்தால் பந்து வீசுபவரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். பாதி நேரம் அடிப்பவரின் திறமை பேசும், பாதி நேரம் வீசுபவரின் திறமை. உன் கணினி நிரல் செய்வதும் இதே வேலைதான், இன்னும் நுட்பமாக. இதைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

நீ இருக்கிற இடத்தைப் பற்றித் தாழ்வாக எழுதியிருந்தாய். இடம் ஒரு தடையே இல்லை. பேஸ்பால் ரசிகர்கள் கொண்டாடும் ‘அவுட் ஆஃப் தி பார்க்’ சிமுலேஷனை 1990களின் கடைசியில் உருவாக்கியவர் மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மன்காரர். கால்பந்தே எல்லாமாக இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு அதைச் செய்தார். நான் பல ஆண்டுகளாக ஆடும் பேஸ்பால் லீக்கில் என்னைத் தவிர இந்தியர் யாரும் இல்லை. யாரும் எடுக்காத ஒரு பழைய அணியை எடுத்துக்கொள்கிறாயா என்று ஒருவர் கேட்டார். கூடவே அந்த அணியின் நிலவரத்தை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் சேர்ந்தேன், அதற்காகத்தான் இன்னும் இருக்கிறேன்.

சரி, யாரைத் தேடுவது? கைப்பேசியில் நாளெல்லாம் விளையாடுபவர்களை முதலில் தேடாதே. அவர்களுக்கு உடனுக்குடன் ஏதாவது நடக்க வேண்டும். உன் லீக்கில் வாரத்துக்கு ஒரு முறைதான் முடிவு வரும். பழைய ஸ்கோர்கார்டை வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களைத் தேடு. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்து, இப்போது ஓய்வில் இருக்கும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தோட்டக்காரர்கள் உன் மலையிலேயே இருப்பார்கள். 1986 சேப்பாக்கம் டை டெஸ்டில் கடைசி ஓவரில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனது சரியா தவறா என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் உனக்கு வேண்டும். உள்ளூர் டோர்னமெண்டில் ஸ்கோர் எழுதும் பையன்களும் வேண்டும். நோட்டில் புள்ளி வைத்து எழுதுகிறவனுக்கு ஒவ்வொரு பந்தும் ஒரு நிகழ்ச்சி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கடல் கடந்தும் பார். 1947இல் சேப்பாக்கத்துக்கு வந்த இலங்கை அணியில் மகாதேவ சதாசிவம் 215 ரன் அடித்தார். அந்த அணி உன் பட்டியலில் காலியாகக் கிடக்கிறது! கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ சதாசிவத்தின் பெயரைத் தாத்தா வாயால் கேட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார். இங்கே ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் டொராண்டோவில் கோடைக்காலத்தில் காலை பத்தரை. காப்பியைக் குடித்துக்கொண்டே டீமை அனுப்பிவிடலாம். கெடு நேரத்தை வைக்கும்போது இதையெல்லாம் யோசித்து வை.

இனி, நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பது. பழைய ஆட்டங்களை மறுபடி ஆட ஒருவர் ஏன் வருகிறார்? வெற்றி தோல்விக்காக மட்டும் என்றால் நிகழ்கால ஆட்டமே போதும். நடக்காமல் போனதை நடத்திப் பார்க்க வருகிறார். அமெரிக்காவில் ஜாஷ் கிப்சன் என்று ஒரு கறுப்பின பேஸ்பால் ஆட்டக்காரர். நிறவெறியால் பெரிய லீக்குகள் அவரைச் சேர்க்கவே இல்லை. 1947 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் அந்தக் கதவைத் திறந்தார். கறுப்பினத்தவரின் லீக் கணக்குகளை அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்த்தது 2024இல். சேர்த்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பின் .367ஐத் தாண்டி கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. சிமுலேஷன் லீக் நடத்துகிறவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கிப்சனைத் தங்கள் அணிகளில் ஆடவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். தலித் என்பதால் இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பொறுப்பு கிடைத்தது. 1911 அணியை உன் லீக்கில் எடுக்கப்போகிறவருக்கு எழுதும் கடிதத்தில் ஒரே வரி போதும்: “கேப்டன் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.” சென்னை ஆட்டக்காரர்களிலும் பார். ரஞ்சியின் முதல் போட்டியில் பதினொரு விக்கெட் எடுத்த ஏ.ஜி. ராம் சிங்குக்கு டெஸ்ட் தொப்பி கிடைக்கவே இல்லை. அவர் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். வி.வி. குமார் முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தார். இந்தியாவுக்கு ஆடியது இரண்டே டெஸ்ட். 1987–88இல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கித்தந்த கேப்டன் வாசுதேவனுக்கு அதுவும் இல்லை. இவர்களுக்காக மனம் பொறுக்காத ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், அவரை நீ தக்கவைக்கவே வேண்டியதில்லை.

உன் நிரல் ஒவ்வொருவரையும் அவரவர் காலத்து ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதால் பெண்கள் அணியையும் சேர்க்கலாம். சாந்தா ரங்கசாமி தலைமையில் 1976இல் முதல் டெஸ்ட் தொடரை ஆடிய இந்திய அணியை அடுத்த சீசனுக்கு யோசி. பெண்களை ஓனர்களாக அழைக்கும்போது உன் பட்டியல் முழுக்க ஆண்களாகவே இருப்பது எனக்கு உறுத்துகிறது.

பணத்தைப் பற்றி முதல் வரியிலேயே சொல்லிவிடு. “எவ்வளவு கட்டணும்?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நம் ஊரில் ஆன்லைன் ஆட்டம் என்றாலே கடன்பட்ட குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்ததும், 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மத்திய அரசு நாடு முழுக்கத் தடை செய்ததும் அதனால்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணம் கிடையாது என்று எழுது. செலவை நீயே தாங்கக்கூடிய அளவுக்கு லீக்கைச் சிறியதாக வைத்துக்கொள். பரிசு உண்டா என்று இரண்டாம் முறையும் கேட்பவரை மரியாதையோடு அனுப்பிவிடு.

ஓனர் கிடைத்த பிறகுதான் உன் உண்மையான வேலை தொடங்குகிறது. முதல் மாதத்தில் மூன்று ஆபத்து உண்டு. ஒன்று, டிரேட். புது ஆள் வந்தது தெரிந்ததும் பழைய ஓனர்கள் சிரித்த முகத்தோடு வந்து அவருடைய நல்ல ஸ்பின்னரைக் கேட்பார்கள். விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டு, பிறகு புரிந்ததும் அவமானத்தில் விலகிப்போன பலரை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஐந்து ஆட்டம் முடியும்வரை புதியவரோடு யாரும் டிரேட் செய்யக்கூடாது என்று விதி போடு. யார் முகம் சுளித்தாலும் தளர்த்தாதே.

இன்னொன்று, தொடர் தோல்வி. நாலு ஆட்டம் தோற்றதும் “உன் கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது” என்பார். கோபப்படாதே, அவர் தோற்ற ஆட்டத்தை அதே இரு அணிகளோடு ஆயிரம் முறை ஓட்டி, எத்தனை முறை அவர் ஜெயிக்கிறார் என்று அனுப்பு. நானூறு முறை அவர் ஜெயித்திருந்தால் அந்த எண்ணே அவரைச் சமாதானப்படுத்தும். நூறுதான் என்றால் அணியில் எதை மாற்றலாம் என்று அவரே கேட்பார். இரண்டுமே உனக்கு நல்லது.

மூன்றாவது, மௌனம். இதற்கு உன் மலையும் ஒரு காரணமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் செத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் உன்னிடமிருந்து ஒரு செய்தியும் வராது. உனக்கு அது பழக்கம். டொராண்டோக்காரருக்கு லீக் மூடிவிட்டது என்று தோன்றும். சமவெளியில் இருக்கும் நம்பிக்கையான ஓர் ஓனரிடம் நிரலின் பிரதியைக் கொடுத்துவை; கெடு தாண்டி ஒரு நாள் உன் சத்தம் இல்லையென்றால் அவர் ஆட்டத்தை ஓட்டி முடிவை அனுப்பட்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் உன் வீட்டிலேயே ஆள் பற்றாது என்று சொன்னாயே, அந்த நேரத்தில் சீசன் இடைவேளை விடு. விடுவதை முன்கூட்டியே தேதி போட்டு அறிவித்துவிடு. தேதி தெரிந்தால் எத்தனை வாரமானாலும் காத்திருப்பார்கள்.

காலி அணிகளில் மிக மோசமானதை எந்தக் காரணம் கொண்டும் புதியவர் தலையில் கட்டாதே. 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சியின் முதல் போட்டியில் சேப்பாக்கத்தில் ஆடிய மைசூர் அணியைச் சொல்கிறேன். சென்னையின் கோபாலன் முதல் பந்தைப் போட்டார். மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் கதை முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட அணியைப் பல சீசன் ஆடிய ஒருவர்தான் எடுக்க வேண்டும். அதை வைத்து ஓர் ஆட்டமாவது டிரா செய்துகாட்டினால் மற்ற ஓனர்கள் எல்லோரும் அதைப் பேசுவார்கள்; புதிதாக வருபவர்களுக்கும் தைரியம் வரும்.

அந்த அணியை எனக்குக் கொடு. ஆட்டக்காரர் பட்டியலையும் அவரவர் மதிப்பெண்களையும் இந்த வாரத்துக்குள் அனுப்பு. முதல் ஆட்டம் யாரோடு என்று நீயே போடு. சென்னையோடு என்றாலும் சம்மதம்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்