ஆற்றோரமா, ஓடையோரமா, மலைச்சரிவா: கண்டியில் காணி வாங்குவோர் சோதிக்க வேண்டியவை

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே காணி தேடுவோர் பலர் வெள்ளத்தைக் கரையோர மாவட்டங்களின் கவலையாகவே எண்ணிவிடுகின்றனர். ஆனால் மேற்கு, வடக்கு, கிழக்கு என முப்புறமும் மகாவலி வளைந்தோட, தெற்கே ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்கும் இந்நகரில், தாழ்ந்த காணிக்கு வெள்ளமும் உயர்ந்த காணிக்கு மண்சரிவும் உரியவையாக இருப்பதால், நீருக்கு அஞ்சி மேலே ஏறுபவர் ஓர் அபாயத்தை விட்டு மற்றோர் அபாயத்தின் மடியில் குடியேறுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கம்பளையிலும் பேராதனையிலும் ஆற்றோரத் தாழ்நிலங்கள் நீரில் மூழ்க, அதே நாட்களில் மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயின.

ஆற்றங்கரைக் காணியை மதிப்பிடுபவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது, கண்டியில் மகாவலி பெருகுவதற்குக் கண்டியில் மழை பெய்ய வேண்டியதில்லை என்பதாகும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்று நாவலப்பிட்டிக்கு மேலுள்ள மலைகளில் கொட்டும் நீர், நகரில் வெயில் அடிக்கும் நாளிலும் கம்பளை, கெலிஓயா, பேராதனை, கெட்டம்பே வழியாக இறங்கி வரக்கூடும். 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணை இந்நீரை முழுவதும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் பிழையானது. அவ்வணை கொத்மலை ஓயாவின் நீரை மட்டுமே தேக்குகிறது, நாவலப்பிட்டியிலிருந்து வரும் மகாவலியின் தாய்க்கிளையோ அணைக்குக் கீழேதான் அதனுடன் கலக்கிறது. ஆயினும் ஆற்று வெள்ளத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. அது அளக்கப்படுகிறது: நீர்ப்பாசனத் திணைக்களம் நாவலப்பிட்டி, பேராதனை போன்ற அளவீட்டு நிலையங்களில் நீர்மட்டத்தைப் பதிவுசெய்து, எச்சரிக்கை நிலை, சிறுவெள்ள நிலை, பெருவெள்ள நிலை என மூன்று படிகளாக அறிவிக்கிறது. எனவே காணியின் தரைமட்டத்தை நில அளவையாளரைக் கொண்டு அளந்து, 2025 நவம்பரில் அயல் வீட்டுச் சுவர்களில் நீர் விட்டுச்சென்ற கறையின் உயரத்தோடு ஒப்பிட்டால், அத்திவாரத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு ஓரளவு உறுதியான விடை கிடைக்கும்.

ஓடையோரக் காணி இதனினும் ஏமாற்றுந் தன்மையுடையது. அக்குறணை நகரம் பிங்கா ஓயாவின் பெருக்கால் மீண்டும் மீண்டும் மூழ்குவதும், கண்டி வாவியிலிருந்து நகரின் நடுவே ஓடி மகாவலியில் சேரும் மெத எல கால்வாயின் ஓரங்களில் கடும் மழைக்குப் பின் நீர் தேங்குவதும் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். சிறிய நீரேந்து பரப்பில் விழும் மழை நாட்கணக்கில் அல்லாமல் மணிக்கணக்கில் வந்து சேர்வதாலும், கரையை நெருக்கும் கட்டடங்களும் குப்பை அடைத்த மதகுகளும் நீரின் வழியைக் குறுக்குவதாலும், பத்தாண்டுகளுக்கு முன் நனையாத காணி இன்று நனையலாம். ஆகவே பழைய அனுபவம் இங்கே முழுச் சான்றாகாது. இத்தகைய காணிகளுக்கு உறுதிப் பத்திரமே நல்ல சாட்சி. உறுதியின் அட்டவணையில் காணியின் பெயர் ‘கும்புர’ என முடிந்தால் அது வயலாக இருந்த நிலம் என்றும், ‘தெனிய’ என முடிந்தால் மேடுகளுக்கு இடைப்பட்ட ஈரமான பள்ளம் என்றும், ‘ஓவிட்ட’ என்றால் வயலை ஒட்டிய தாழ்ந்த கரைநிலம் என்றும் கொள்ளலாம். சிங்களக் காணிப் பெயர்களின் பொருளைத் தமிழ் வாசகர் கேட்டறியாமல் கையொப்பமிடுவது, நிலமே சொல்லும் எச்சரிக்கையைக் கேளாமல் விடுவதற்கு ஒப்பாகும். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி தேவை என்பதால், நிரப்பிய காணியை விற்பவரிடம் அவ்வனுமதியைக் கேட்பதும் இன்றியமையாதது.

சரிவுக் காணிக்கு வரும்போது சோதனையின் தன்மையே மாறுகிறது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்தின் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கியுள்ளதோடு, அபாயமுள்ள மாவட்டங்களில் புதிய கட்டடங்களுக்கு உள்ளூராட்சி மன்றம் அனுமதி வழங்குமுன் அதன் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை பெறப்பட வேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் உள்ளது. அந்நிறுவனத்தின் முன்னறிவிப்பு, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100 மில்லிமீற்றருக்கு ஆயத்தம், 150 மில்லிமீற்றருக்கு அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு வெளியேற்றம் என மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிறங்களில் அமைகிறது. எனினும் வரைபடம் ஒரு பகுதியின் பொது இயல்பைக் காட்டுமேயன்றி, வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டப்பட்ட மண்மேட்டையோ, நீர்வடி துளைகள் இன்றிக் கட்டப்பட்ட தாங்கு சுவரையோ, மேல் வீட்டுக்காரர் தம் கூரைநீரைத் திருப்பிவிட்ட இடத்தையோ காட்டாது. தரையில் பிளவு, சாய்ந்த மரம், புதிதாகத் தோன்றிய ஊற்று, திடீரெனக் கலங்கிய கிணற்றுநீர் ஆகியவற்றை மழைக்காலத்தில் நேரில் சென்று பார்ப்பதே அறிவுடைமை. அயலாரின் காணியும் இச்சோதனைக்குள் அடங்கும்: 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி பூவெலிகடையில் பல மாடிக் கட்டடமொன்று தாழ்ந்து அருகிலிருந்த வீட்டின்மேல் சரிந்தபோது, கைக்குழந்தை உட்பட மூவர் உயிரிழந்தனர்.

காப்புறுதியைப் பொறுத்தவரை இம்மூன்று காணிகளும் சமமானவை அல்ல. காப்புறுதிப் பத்திரம் ஈடுசெய்வது கட்டடத்தையும் அதனுள் உள்ள பொருட்களையுமே. நிலத்தின் விலையை அன்று. வெள்ளம் வடிந்தபின் நிலம் எஞ்சுகிறது, அதில் மீண்டும் கட்டலாம். ஆனால் 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியதுபோன்ற நிகழ்வில் வீட்டோடு நிலமும் போய்விடுகிறது. அல்லது, நிலம் எஞ்சினும் அதில் மீண்டும் கட்ட அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே நனையும் காணியின் இழப்பைப் பெரும்பாலும் பணத்தால் ஈடுசெய்யலாம். நகரும் காணியின் இழப்பை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. இவ்வேறுபாடே தெரிவின் அச்சாணி.

பத்திரத்தின் சொற்களை வாசிப்பதும் இதனால் வேறுபடுகிறது. அடிப்படைத் தீக் காப்புறுதி தீயையும் மின்னலையுமே உள்ளடக்குவதால், வெள்ளம், புயல் ஆகியவற்றை மேலதிகக் கட்டுப்பணம் செலுத்திச் சேர்க்க வேண்டும்; அவ்வாறு சேர்த்தபின்னும் ‘மண்சரிவு’, ‘நிலம் தாழ்தல்’ என்னும் சொற்கள் தனியே எழுதப்பட்டுள்ளனவா, விலக்குகளின் பட்டியலில் உள்ளனவா என்பதைச் சரிவுக் காணிக்காரர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வங்கி ஈட்டுக்கடனுக்காகக் கோரும் காப்புறுதி கடன் தொகையையே முதன்மையாகப் பாதுகாப்பதால், அதனையே முழுக் காப்பென நம்புதல் தகாது. காப்புத்தொகை மீள்கட்டும் செலவைவிடக் குறைந்தால் நட்டஈடும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். இதனைச் சராசரி விதி என்பர். மீண்டும் கட்ட 200 இலட்சம் ரூபாய் தேவைப்படும் வீடு 100 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால், 40 இலட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு 20 இலட்சமே கிடைக்கும்; அதிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய தொகை கழிக்கப்படும். முன்னர் வெள்ளம் புகுந்த செய்தியை மறைத்துப் பத்திரம் பெறுவது அதனையே செல்லுபடியற்றதாக்கக்கூடும் என்பதையும் ஆற்றோரத்தார் மறத்தலாகாது. தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் வாயிலாக 2016இல் அரசு தொடங்கிய இயற்கை அனர்த்தத் திட்டம் ஒரு வீட்டுக்கு உச்சமாக 25 இலட்சம் ரூபாய் என வகுத்தது. கண்டியில் இன்று ஒரு வீடு எழுப்பும் செலவோடு ஒப்பிடுகையில் அது தனிப் பத்திரத்துக்கு மாற்றாகாது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், தரைமட்டம் அளந்து அத்திவாரம் உயர்த்தப்பட்டு, வெள்ளக் காப்பு எழுத்தில் உள்ள ஆற்றோரக் காணி, மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையின்றி மலிவாகக் கிடைக்கும் அழகிய சரிவுக் காணியைவிட மேலானது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை சாதகமாகவும் வடிகால் ஒழுங்காகவும் உள்ள மென்சரிவுக் காணியோ இரண்டிலும் சிறந்தது. சரிவில் செலவிடும் பணம் முதலில் மண் ஆய்வுக்கும் தாங்கு சுவருக்கும் வடிகாலுக்கும் செல்ல வேண்டும், பிறகே கட்டுப்பணத்துக்கு. ஆற்றோரத்தில் காப்புறுதியும் கட்டட உயரமும் சேர்ந்தே செல்லலாம். ஓடையோரத்தில் மதகின் அகலமும் உறுதியிலுள்ள பெயரும் பார்க்கப்படும்வரை முற்பணம் கொடுக்காதிருப்பதே நன்று. எந்தக் காணியானாலும், அயலில் எவரேனும் மண் வெட்டினாலோ வயல் நிரப்பினாலோ, பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளுக்குக் காத்திராமல் காணியை அன்றே மறுபடி சோதிக்க வேண்டும்.