நமக்கு அமுதம், நாய்க்கு நஞ்சு

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்ற பழமொழியை நாம் எல்லாரும் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நச்சியல் என்ற அறிவியல் துறையின் அடிப்படை விதியும் ஏறக்குறைய இதுதான். ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்று 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ் எழுதி வைத்தார். நாம் தினமும் சேர்க்கும் உப்புகூட மிகையானால் உடலைக் கெடுக்கும்.

ஆனால், இந்த விதிக்கு இன்னொரு பாதி உண்டு. எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. யாருடைய உடலில் என்றும் கேட்க வேண்டும். நம் வீட்டு நாயும் பூனையும் நம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், அவற்றின் கல்லீரலும் இரத்தமும் சிறுநீரகமும் நம்முடையவை போல் வேலை செய்வதில்லை. அதனால்தான் நாம் அன்போடு ஊட்டும் ஒரு கவளம் அவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சாக்லேட்டும் அரை ஆயுளும்

கொக்கோ மரத்துக்கு லின்னேயஸ் 1753-இல் வைத்த அறிவியல் பெயர் 'தியோபுரோமா ககாவ்'. கிரேக்க மொழியில் தியோபுரோமா என்றால் கடவுளரின் உணவு. நம் மொழியில் சொன்னால் அமுதம்! அந்த மரத்தின் விதையில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள்தான் நாய்க்கு நஞ்சாகிறது. இது காப்பியில் உள்ள கஃபீனுக்கு மிக நெருங்கிய உறவு. கஃபீன் மூலக்கூற்றில் இருந்து ஒரே ஒரு மெத்தில் தொகுதியை நீக்கினால் தியோபுரோமின் கிடைக்கும்.

நாம் சாக்லேட் சாப்பிட்டால் நம் கல்லீரல் தியோபுரோமினை விரைவாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. நம் உடலில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6 முதல் 10 மணி நேரம். நாயின் உடலிலோ ஏறத்தாழ 18 மணி நேரம். கதிரியக்கப் பாடத்தில் வரும் அதே அரை ஆயுள் கணக்குதான் இங்கும். 24 மணி நேரம் கழிந்த பிறகு நம் உடலில் எட்டில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருக்கும். நாயின் உடலில் 40 விழுக்காடு அப்படியே இருக்கும். வெளியேறாத தியோபுரோமின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தொடர்ந்து தூண்டுகிறது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை. பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. கடைசியில் வலிப்பு வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"சார், எங்க நாய் போன தீபாவளிக்கு ஒரு சாக்லேட்டையே முழுசா தின்னுச்சு. ஒன்னும் ஆகலையே!" வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொட்டாலே யாராவது ஒரு மாணவர் இப்படிச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. விடை கணக்கில் இருக்கிறது.

நாயின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் உள்ளே போனால் லேசான அறிகுறிகள் தோன்றும். 40 முதல் 50 மில்லிகிராமில் இதயம் பாதிக்கப்படும். 60 மில்லிகிராமில் வலிப்பு வரலாம். ஒரு கிராம் பால் சாக்லேட்டில் ஏறத்தாழ 2 மில்லிகிராமும், ஒரு கிராம் கறுப்பு சாக்லேட்டில் ஏறத்தாழ 5 மில்லிகிராமும், ஒரு கிராம் கொக்கோ தூளில் ஏறத்தாழ 20 மில்லிகிராமும் தியோபுரோமின் உண்டு. வெள்ளை சாக்லேட்டில் அனேகமாக இல்லை.

30 கிலோ எடையுள்ள பெரிய நாய் 40 கிராம் பால் சாக்லேட் தின்றால்: 40 × 2 = 80 மில்லிகிராம். அதை 30-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 3 மில்லிகிராம்கூட இல்லை. அந்த மாணவரின் நாய் தப்பித்தது இப்படித்தான் இருக்கும்.

இப்போது 5 கிலோ எடையுள்ள சிறிய நாய் 100 கிராம் கறுப்பு சாக்லேட் தின்றதாக வைத்துக்கொள்வோம்: 100 × 5 = 500 மில்லிகிராம். அதை 5-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். வலிப்பு வரும் அளவையும் தாண்டிவிட்டது. ஒரு வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த வீட்டு நாய்க்கு உத்தரவாதம் ஆகாது.

குழம்புச் சோற்றில் ஒளிந்திருப்பது

நம் வீடுகளில் நாய்க்கு மிச்சச் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைப்பது வழக்கம். குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இந்தக் குடும்பத்துத் தாவரங்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பு இரத்த அணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன. சிதைந்த ஹீமோகுளோபின் அணுவின் ஓரத்தில் சிறு கட்டிகளாகப் படிகிறது. இவற்றுக்கு ஹைன்ஸ் துகள்கள் என்று பெயர். கட்டி விழுந்த அணுக்கள் உடைந்துபோவதால் இரத்தசோகை ஏற்படுகிறது.

இதில் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். எளிதில் தாக்குதலுக்கு உள்ளாகும் கந்தக முனைகள் மனித ஹீமோகுளோபினில் 2, நாயில் 4, பூனையில் 8. அதனால் நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் கெடுதல் செய்யும் என்றால், பூனைக்கு 5 கிராமே போதும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு அது வெறும் 20 கிராம். இரண்டு மூன்று சின்ன வெங்காயம்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் பொடியாக்கினாலும் இந்த நஞ்சு போகாது. இரண்டாவது, அறிகுறிகள் உடனே தெரியாது. சில நாட்கள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், பிராணி சோர்ந்து படுக்கும். அதற்குள் என்ன தின்றது என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும். இதற்குத் தீர்வு மிக எளிது. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே நாயின் பங்குச் சோற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். தாளிக்காமல் வேகவைத்த கோழி இறைச்சியை எலும்பு நீக்கி அதில் சேர்க்கலாம். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

திராட்சையும் புளியும்

பாயசத்தில் போடும் கிஸ்மிஸ் பழமும் பச்சைத் திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஆனால், ஒரு நாய் நிறையத் தின்றும் நன்றாக இருக்கும். இன்னொன்று கொஞ்சம் தின்றே சாகும். காரணம் புதிராக இருந்தது.

வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு அதே போன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்தபோதுதான் அமெரிக்க நச்சியல் மருத்துவர்களுக்குத் துப்பு கிடைத்தது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்று கலந்திருந்தது. திராட்சையிலும் டார்டாரிக் அமிலம் உண்டு. திராட்சையின் வகைக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப அதன் அளவு மாறும். புதிருக்கு இந்த விளக்கத்தை அவர்கள் 2021-இல் முன்வைத்தார்கள். புளியைத் தின்ற நாய்களிடமும் அதே பாதிப்பு காணப்பட்டது. நம் புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணமும் டார்டாரிக் அமிலமே. ஆகவே ரசமும் புளிக்குழம்பும் நாயின் தட்டுக்கு வேண்டாம். கிஸ்மிஸ் எத்தனை தின்றது என்று எண்ணிக்கொண்டு இருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

சர்க்கரை இல்லாத சுவிங்கம், சில பற்பசைகள் ஆகியவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் இன்னொரு எதிரி. நம் உடல் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டுகிறது. இரத்தத்தில் உள்ள உண்மையான சர்க்கரை சரிந்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நாய் தள்ளாடி விழக்கூடும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் சைலிட்டாலே இதற்குப் போதும்.

பூனை ஏன் தனி?

பூனையின் மூதாதையர் இறைச்சியை மட்டுமே உண்டு வாழ்ந்தவர்கள். தாவர நஞ்சுகளைச் சிதைக்கும் ஒரு முக்கிய நொதிக்கான மரபணு, பயன்படாமலேயே பழுதாகி, இன்று பூனையின் உடலில் வேலை செய்வதில்லை. இதே நொதிதான் நம் உடலில் பாராசிட்டமால் மருந்தையும் கையாளுகிறது. ஆகவே, காய்ச்சல் என்று நினைத்து நாம் கொடுக்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

லில்லி மலரும் பூனைக்குக் கொடிய நஞ்சு. இலை, இதழ், ரோமத்தில் ஒட்டிய மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் என எதை நக்கினாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். அதே மலரைத் தின்ற நாய்க்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். திராட்சை நாயைத் தாக்குகிறது, லில்லி பூனையைத் தாக்குகிறது. 'யாருடைய உடலில்' என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது புரிகிறது அல்லவா?

வாசலில் இருக்கும் செடிகள்

பூசைக்குப் பறிக்கும் அரளியிலும், தொட்டியில் வளர்க்கும் அடினியத்திலும் உள்ள பொருள்கள் இதயத் தசையின் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை நிறுத்திவிடும். துடிப்பு குலைந்து இதயம் நின்றுபோகலாம். மனிதருக்கும் இது ஆபத்தானதே.

பனைபோல் தோன்றும் சைக்கஸ் செடியை நம் நாட்டில் பல வீடுகளின் முன் காணலாம். ஆங்கிலத்தில் இதைச் 'சேகோ பாம்' என்று அழைப்பதால், சவ்வரிசி தரும் ரும்பியா மரம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. சைக்கஸின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. விதை மிகக் கொடியது. அது நாயின் கல்லீரலை அழிக்கும்.

மணி பிளாண்ட், கெலாடி, டிஃபன்பாக்கியா ஆகியவற்றின் இலைகளில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி வடிவில் இருக்கும். கடித்தவுடன் அவை வாயில் குத்தி எரிச்சலும் வீக்கமும் உண்டாக்கும். சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நம் தொண்டை அரிக்குமே, அதற்கும் இதே படிகங்களே காரணம்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

1. மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள். உறையையோ செடியின் கிளையையோ எடுத்து வையுங்கள்.
2. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.
3. பிராணியைத் தூக்கிக்கொண்டு தராசில் நில்லுங்கள்; பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். அதன் எடை கிடைத்துவிடும்.
4. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தின்று ஓரிரு மணி நேரத்துக்குள் போனால்தான் வயிற்றில் உள்ளதை வெளியேற்றுவது எளிது.
5. வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புத் தண்ணீரைப் புகட்டாதீர்கள். இரத்தத்தில் சோடியம் கூடி அதுவே இன்னொரு நஞ்சாகும். பாலும் எண்ணெயும் நம் வீட்டு மாத்திரைகளும் வேண்டாம்.

செய்து பாருங்கள்

8 கிலோ எடையுள்ள நாய் 60 கிராம் கறுப்பு சாக்லேட்டைத் தின்றுவிட்டது. ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் தியோபுரோமின் உள்ளே போயிருக்கும்? எந்த அறிகுறிகளை எதிர்பார்க்கலாம்? (விடை: 37.5 மில்லிகிராம். வாந்தி, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை வரலாம். இதயம் பாதிக்கப்படும் அளவையும் நெருங்கிவிட்டதால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.)

கணக்கு முடிந்ததும் உங்கள் வீட்டுச் சமையலறையையும் வாசலையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். நாயின் மூக்கு உயரத்தில் என்ன இருக்கிறது, பூனை தாவும் உயரத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். அருகில் உள்ள கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை அந்தத் தாளிலேயே எழுதி, குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.