வினைச்சொல்லும் அசையும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்த ஊர் ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் எனவும் வழங்கப்பெறும் இவ்வூரில் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றியவர், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680 – 1747). அக்கால ஓலைகளில் எகரக் குறிலைக் காட்டும் புள்ளியை எழுதுவோர் பெரும்பாலும் இடுவதில்லை. அதனால் ‘கேட்டான்’, ‘கெட்டான்’ என்னும் இரு வினைமுற்றுகளும் ஒரே வரிவடிவில் நின்றன. வினவியவன் யார், அழிந்தவன் யார்? அசை பிரித்தாலும் விடை கிடைக்காது. கேட்/டான், கெட்/டான் இரண்டும் நேர் நேர், தேமா. நெடிலுக்குச் சுழியுடைய தனிக்குறியை வீரமாமுனிவர் அமைத்த பின்னரே இக்குழப்பம் நீங்கியது.

பிரெஞ்சு மொழியில் நிலைமை நேர்மாறானது. ‘பேசு’ என்னும் பொருளுடைய வினை, நான், நீ, அவன், அவர்கள் என்பவற்றோடு வருங்கால் ஈற்றெழுத்துகள் வேறுபட எழுதப்படும். ஒலியோ நான்கிடத்தும் ‘பார்ல்’ என்பதே. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ ஆகிய இரண்டும் ‘இல் பார்ல்’ என்றே செவியில் விழும். முன்னாளில் ஒலித்த ஈறுகள் நாவில் தேய்ந்தன, ஏட்டில் தங்கின. நாமும் ‘பேசுகிறான்’ என்று எழுதிவிட்டுப் ‘பேசுறான்’ என்றுதானே சொல்கிறோம்!

வினை உயிரெழுத்தில் தொடங்கினால் வேறுபாடு வெளிப்படும். ‘அவன் நேசிக்கிறான்’ என்பது இ–லெம். ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ என்பது இல்–ஸெம். பன்மைப் பெயரின் ஈற்றில் ஒலியாது கிடந்த மெய், உயிரைக் கண்டதும் விழித்து அதன்மேல் ஏறுகிறது. (அம்மெய்யின் அதிர்வொலியைத் தமிழெழுத்தால் முற்றும் காட்ட இயலாது, ஆசிரியர் ஒலிக்கக் கேட்டறிக.) சொல்லுக்குச் சொல் நிறுத்திப் படிப்பவர் இங்கே ஒருமை, பன்மை இரண்டையும் தவறவிடுவர்.

தமிழுக்கு இது புதிதன்று. அவன் + எழுதினான் = அவனெழுதினான். தனித்து நின்றபோது ‘அவன்’ ஒரு நிரையசை. புணர்ந்தபின் னகரமெய் அடுத்த அசைக்குச் சென்றுவிடுகிறது: அவ/னெழு/தினான். நிரை நிரை நிரை, கருவிளங்கனி.

ஒன்று மட்டும் நினைவில் இருத்துக. பிரெஞ்சு அசை, வாய் ஒலிக்கும் அளவைப் பின்பற்றுவது. நம் யாப்பசை அத்தகையதன்று. ‘நடந்தான்’ என்பதை நாவு ந–டந்–தான் என மூன்றாக ஒலிக்கும். யாப்பிலோ நடந்/தான் என இரண்டே அசை, புளிமா. தேர்வில் பலர் மூன்றாக வெட்டி மதிப்பெண் இழப்பது இவ்விடத்தில்தான்.