அசலும் புதுக்கியதும்

சென்னையின் வடபால், வங்கக் கடலோரமாக, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணியர் புகைவண்டி இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955ஆம் ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்யலாயிற்று. ஞாயிற்றையும் கடலையும் நோக்கிப் பொழுதறிந்த மக்கள், புகைவண்டி நேரத்தையும் ஆலைச் சங்கையும் நோக்கி வாழத் தலைப்பட்டனர். முறை மாற்றி இரவும் பகலும் வேலைக்குச் செல்வோர்க்குக் கைக்கடிகாரம் வெறும் அணிகலன் அன்று. அது வாழ்க்கைக் கருவி.

அந்நாளில் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்தே வந்தன. இந்நிலையை மாற்றியது இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம். எச்.எம்.டி. எனச் சுருக்கமாக வழங்கும் அந்நிறுவனம், 1961ஆம் ஆண்டில் சப்பானிய நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகார ஆலையை நிறுவியது. 'ஜனதா', 'பைலட்' முதலிய பெயர்களைத் தாங்கிய அதன் கடிகாரங்கள் எளிய மக்களின் கைகளையும் அழகு செய்தன. திருமணப் பரிசாகவும், வேலையில் அமர்ந்தோர் வாங்கும் முதற்பொருளாகவும் அவை விளங்கின. பின்னர் மின்கலத்தால் இயங்கும் கடிகாரங்கள் பெருகின. 2016ஆம் ஆண்டில் எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட நடுவண் அரசு முடிவு செய்தது. இனி அவை கிடைத்தற்கு அரியன என்ற எண்ணம் பரவவே, பழைய கடிகாரங்கள்மீது மக்கட்கு வேட்கை மிகுந்தது.

எண்ணூரில் வாழும் இளைஞர் ஒருவர், தம் முதல் ஊதியத்தைக் கொண்டு அத்தகைய பழைய கடிகாரம் ஒன்றை வாங்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். கடைக்காரர் அவர்முன் இரண்டு கடிகாரங்களை வைக்கின்றார். ஒன்றன் முகப்பு மஞ்சளித்துள்ளது. கண்ணாடியில் கீறல்கள் உள்ளன. மற்றொன்றோ நீல முகப்பும் பளபளக்கும் கூடுமாகக் கண்ணைக் கவர்கின்றது. இரண்டும் ஒரே பெயரைத் தாங்கியுள்ளன. விலையும் ஏறத்தாழ ஒன்றே. எதனைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், கடிகாரத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

சாவி கொடுக்கும் கடிகாரத்தினுள் சுருள்வில் ஒன்று உள்ளது. திருகைத் திருகும்போது அவ்வில் இறுகி ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றது. அவ்வாற்றல் பற்சக்கரங்களின் வழியே சிறிது சிறிதாக வெளிப்பட்டு, இப்புறமும் அப்புறமும் ஊசலாடும் சமநிலைச் சக்கரத்தை இயக்குகின்றது. மணிக்கு 18,000 துடிப்புகளைக் கொண்ட கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்கும். இவ்வாறு ஓயாது உழைக்கும் அச்சுகள் தேயாதிருத்தற்பொருட்டே அவை செயற்கை மாணிக்கக் கற்களில் பொருத்தப்படுகின்றன. அங்கு இடப்பட்ட எண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும். ஆதலின் கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்துப் புதிதாக எண்ணெயிடுதல் இன்றியமையாதது. இப்பராமரிப்பினால் கடிகாரத்தின் அசல்தன்மை சிறிதும் கெடுவதில்லை.

கடற்கரை ஊர்களில் கடிகாரத்திற்கு நேரும் இடர்கள் பல. உப்புக் காற்றும் ஈரமும் கூட்டின் இடுக்குகள் வழியே உட்புகுந்து எஃகு உறுப்புகளில் துருவேற்றும். வியர்வையானது பித்தளைக் கூட்டின்மேல் உள்ள குரோமியப் பூச்சை அரித்துவிடும். முகப்பின் வண்ணமும் நாளடைவில் மங்கும். இங்ஙனம் பழுதுற்றவற்றைச் சீர்செய்வோர் இருவகையினர். தேய்ந்த உறுப்பிற்கு மாற்றாக அதே வகை உறுப்பைத் தேடிப் பொருத்துவோர் ஒரு வகையினர். பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்து, முகப்பிற்குப் புது வண்ணம் பூசி, பழைய பெயரையும் அதன்மேல் அச்சிட்டு விற்போர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகைக் கடிகாரங்கள் பல மும்பையிலிருந்து உலகெங்கும் செல்வதால், பழங்கடிகாரம் சேர்ப்போர் அவற்றை 'மும்பைக் கடிகாரம்' என்றே குறிப்பதுண்டு.

இவ்வேறுபாட்டைத் திருவொற்றியூர்ப் பகுதி மக்கள் எளிதில் உணர்வர். அங்குச் செய்யப்பெற்ற பழைய 'புல்லட்' வண்டியை வாங்குவோர், பொறியின் எண்ணையும் அடிச்சட்டத்தின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். எண்கள் பொருந்தினால் அவை வண்டியோடு பிறந்தவை எனத் தெளியலாம். பொறி மாற்றப்பட்ட வண்டியும் நன்றாகவே ஓடக்கூடும். எனினும் அதனை அசல் எனக் கூறி விற்றல் முறையாகாது. கடிகாரத்திற்கும் இஃது ஒக்கும்.

அசலை அறிதற்குரிய அடையாளங்கள் சில உள்ளன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், ஆலையில் அச்சிட்ட எழுத்துகள் கூர்மையாகவும் ஒரே சீராகவும் தோன்றும். பின்னர்ப் பூசிய முகப்பில் எழுத்துகள் தடித்தும் கோடுகள் பிறழ்ந்தும் இருக்கும். நிமிட முள் நிமிடக் கோடுகளை எட்டாது குறுகியிருப்பின், அது வேறொரு கடிகாரத்தின் முள்ளாதல் கூடும். மிகுதியாகத் தேய்த்து மெருகிட்ட கூட்டின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். பின்மூடியில் பொறித்த எழுத்துகளும் ஆழமின்றிக் காணப்படும். அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத வண்ணத்தில் முகப்பு அமைந்திருந்தால் ஐயத்திற்கே இடமில்லை. ஆதலின் பின்மூடியைத் திறந்து காட்டுமாறு கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. நேர்மையான வணிகர் அதற்கு மறுப்புக் கூறார்.

ஈண்டு எச்சரிக்கை ஒன்றும் கூறுதல் வேண்டும். 1960களுக்கு முற்பட்ட அயல்நாட்டுக் கடிகாரங்கள் சிலவற்றில், இருளில் ஒளிரும்பொருட்டு ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளியைத் தரும் துணைப்பொருளோ சில ஆண்டுகளிலேயே நலிந்துவிடும். ஆகவே, ஒளி மறைந்த பின்னரும் கதிர்வீச்சு மறைவதில்லை. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறந்து சுரண்டுதல் கேடு பயக்கும்.

இனி, எதனைத் தேர்வது என்னும் வினாவிற்கு வருவோம். நாள்தோறும் அணிந்து மணி பார்ப்பதற்கு மட்டும் ஒருவர் விரும்பினால், செம்மையாகப் புதுக்கிய கடிகாரமே அவருக்குப் போதும். அதன் உள்ளுறுப்புகள் நன்னிலையில் உள்ளனவா என்பதையும், விலை அதற்கேற்பக் குறைந்துள்ளதா என்பதையும் அவர் நோக்கினால் அமையும். ஆனால், ஒரு காலத்தின் கைத்திறனையும் உழைப்பையும் போற்றி வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு, மங்கிய முகப்பை உடைய அசலே ஏற்றது. அதன் கீறல்கள் குறைகள் அல்ல. அது கடந்துவந்த வாழ்வின் சுவடுகள்.

இருவர்க்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. மங்கிய முகப்பை இன்று விட்டுவைத்தால், நாளையும் அதனைப் புதுக்கிக் கொள்ளலாம். ஒருமுறை சுரண்டி வண்ணம் பூசிவிட்டாலோ, பழைய முகப்பை மீட்டுத் தரும் ஆற்றல் எவர்க்கும் இல்லை. தந்தையோ பாட்டனாரோ ஆலைக்கு அணிந்து சென்ற கடிகாரத்தைப் பெற்றுள்ளோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். உள்ளே எண்ணெயிட்டு ஓடச் செய்யலாம். உடைந்த கண்ணாடியை மாற்றலாம். முகப்பில் கைவைக்கும் முன் பன்முறை எண்ணுதல் நன்று.

புதுக்குதல் என்பதே இழிந்த தொழில் என எண்ணிவிடலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தச்சரான சான் ஆரிசன், கடலில் கப்பலின் இருப்பிடத்தை அறிய உதவும் அரிய கடிகாரங்களைச் செய்தார். அவை கிரீனிச்சு வானாய்வகத்தில் கவனிப்பாரற்றுத் துருவேறிக் கிடந்தன. 1920ஆம் ஆண்டில் ரூபர்ட் கௌல்டு என்னும் கடற்படை அலுவலர் அவற்றைக் கண்டு வருந்தி, பல்லாண்டு உழைத்து மீண்டும் ஓடச் செய்தார். தாம் செய்த பணிகளை அவர் குறிப்பேடுகளில் விரிவாக எழுதி வைத்தார். ஆதலால், எது ஆரிசன் செய்தது, எது கௌல்டு சேர்த்தது என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்து அறிய இயன்றது. புதுக்குவோர்க்கு இதுவே சிறந்த நெறி.

தேய்ந்ததைச் சீர்செய்தல் திறமை. செய்ததை மறையாது கூறுதல் நேர்மை. குறையைப் பூசி மெழுகிப் பழம்பெயரால் விற்கும்போது, ஏமாறுபவர் வாங்குவோர் மட்டும் அல்லர். அக்கடிகாரத்தை முதலில் செய்த தொழிலாளரின் நற்பெயரும் கெடுகின்றது. ஆகையால் பழம்பொருளை வாங்குவோர், 'இது புதியதுபோல் உள்ளதா?' என்று கேட்பதைக் காட்டிலும், 'இதில் எவ்வெவை மாற்றப்பட்டுள்ளன?' என்று கேட்பதே அறிவுடைமை. அவ்வினாவிற்கு மறைவின்றி விடை கூறும் வணிகரிடம் வாங்கும் கடிகாரம், அசலாயினும் புதுக்கியதாயினும், கொடுத்த பொருளுக்குத் தக்கதாகவே அமையும்.